ஜாமெட்ரி பாக்ஸில் கிடைத்த சீட்டு

அக்கா, வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மகனின் ஜாமெட்ரி பாக்ஸில் 'யூஆர்ஐ' என்று தொடங்கி, தலையும் வாலும் புரியாத எழுத்தாக ஒரு சீட்டு. லேப்டாப்பில் 'டார்' என்று ஏதோ ஒன்று. வாளையாறு செக்போஸ்ட்டில் கஞ்சா பிடித்த செய்தியாகவே படித்துப் படித்து, பையனும் அப்படி எதிலோ மாட்டிக்கொண்டானோ என்று பயந்துவிட்டீர்கள். கொழிஞ்சாம்பாறையில் எந்த அம்மாவுக்கும் அந்தப் பயம் வரும்.

போன ஞாயிறு சித்தூரில் என் வீட்டுக்கு வந்து அவன் செய்து காட்டியதைச் சொல்கிறேன். பாட்டியின் போட்டோ ஒன்றை டாஹோ-லாஃப்ஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டான். அது படத்தைச் சங்கேதமாக்கி, பத்துத் துண்டாக்கி, பத்து ஃபோல்டர்களில் வைத்தது. ஏழு ஃபோல்டரை என் கண் முன்னாலேயே அழித்தான். படம் திறந்தது. எட்டாவதையும் அழித்தான், திறக்கவில்லை. எந்த மூன்று துண்டு இருந்தாலும் போதும் என்பதுதான் கணக்கு. அதற்கு விலையாக இடம் மூன்று மடங்குக்கு மேல் செலவாகும். (பத்தும் இரண்டு பழைய லேப்டாப்பிலேயே இருந்தன. பத்துச் சட்டியையும் ஒரே பரணில் வைத்த மாதிரி. அதைச் சொன்னதும் சிரித்தான்.)

சரி, டார் எதற்கு? நிஜத்தில் துண்டுகள் ஃபோல்டரில் அல்ல, வேறு ஆட்களின் சர்வர்களில், அதாவது கோப்புகளை வைத்திருக்கும் கணினிகளில், இருக்கும். துண்டை வைத்திருக்கும் சர்வருக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் கொண்டு வந்து வைத்தது யார் என்பது ஐபி முகவரியில் (இணைய இணைப்புக்கான எண்ணில்) தெரிந்துவிடும். டார் வழியாகப் போனால் மூன்று கணினிகள் கைமாற்றிவிடும், ஆள் யாரென்பதும் மறையும். அடிப்படை யோசனை 1990களில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. ரகசியமாகச் செய்தி தரும் பத்திரிகையாளர்களுக்கும் உதவுகிறது, திருட்டு வியாபாரிகளுக்கும் உதவுகிறது. அதை மறைத்துப் பேச மாட்டேன். டாரை நிறுவுவதே குற்றம் என்று இங்கே சட்டமில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வீட்டு பிராட்பேண்டில் 'எக்ஸிட்' கணினியாக, அதாவது டாரில் கைமாற்றும் மூன்றில் கடைசிக் கணினியாக, இயங்கவே கூடாது. யாரோ எங்கோ செய்த வேலைக்கு உங்கள் முகவரிதான் வெளியே தெரியும், போலீஸும் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். அவனிடமும் சொல்லிவிட்டேன், தலையாட்டினான். எதற்கும் நீங்களும் ஒரு கண் வையுங்கள்.

இதில் வேலை கிடைக்குமா என்றீர்கள். இந்தப் பெயரில் விளம்பரம் வராது. கிளவுட் ஸ்டோரேஜ், கிரிப்டோகிராஃபி (சங்கேதமாக்கும் கலை), சைபர் செக்யூரிட்டி என்றுதான் வரும். அடியில் இருப்பது இதே சரக்கு. ஆகவே பிளஸ் டூவில் கணக்கை விடவே கூடாது. எண் கோட்பாடும் நிகழ்தகவும்தான் அவனுக்குச் சோறு போடும். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் கணக்கு டியூஷனுக்குக் கட்டுங்கள். டாஹோ பைத்தான் மொழியில் எழுதியது, மூல நிரல் யாரும் பார்க்கலாம். அதில் ஒரு சின்னப் பிழையை அவன் திருத்தி, அதை அவர்கள் ஏற்றுக்கொண்டால், பத்துச் சான்றிதழை விட நேர்முகத்தில் பேசும். ஐஐடி பாலக்காட்டை மனதில் வைத்து ஜேஇஇக்குப் படிக்கட்டும். கிடைக்காவிட்டாலும் நல்ல கணினித் துறை உள்ள கல்லூரி போதும்.

அப்புறம், அந்தச் சீட்டு. அதுதான் பாட்டி படத்தின் சாவி. தொலைந்தால் சர்வர்காரர்களாலும் மீட்க முடியாது. அடுப்பில் போட்டுவிடாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், வேறு பிரதி எடுக்கவில்லையாம்.