பக்கக் கணக்கில் ஏமாறாதீர்கள்

கேள்வி: வீட்டிலிருந்தே ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்பு (புரூஃப்) திருத்துகிறேன். அந்த ஒன்றையே நம்பி ஓட்ட முடியவில்லை. வேறு என்ன செய்யலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பாரிமுனை ஆண்டர்சன் தெரு உங்களுக்குப் பக்கம்தானே! ஆடியிலேயே அழைப்பிதழ்க் கடைகளில் கேட்டு வையுங்கள். ஆவணி முகூர்த்த வேலை வரும். ண, ன பிழையைவிடத் தேதி, கிழமைப் பிழைதான் கடைக்காரர் கையைக் கடிக்கும். காலண்டரோடு ஒத்துப் பாருங்கள். இனிஷியலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

புத்தகத்துக்குப் பக்கக் கணக்கில் கூலி பேசாதீர்கள். எழுத்தைச் சிறிதாக்கினால் பக்கம் குறையும், உங்கள் வேலை குறையாது. 1,000 சொல்லுக்கு இவ்வளவு, இரண்டே சுற்றுத் திருத்தம் என்று முன்பே பேசிவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பா? கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அதற்குத் தனிக் கூலி.

கூலியிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியான டி.டி.எஸ். 10 சதவீதம் பிடித்தால் பதற்றம் வேண்டாம். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் போய்விடும்.