இயேசு கடவுள், தந்தை அல்லர்: சேலத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

நான் பிறந்த வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. புகுந்த வீடு கத்தோலிக்கம். பிறந்த வீட்டில் "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி" என்று ஜெபித்தேன்; புகுந்த வீட்டில் "தந்தை, மகன், தூய ஆவியார்" என்று சொல்லிச் சிலுவை அடையாளம் போடக் கற்றேன். இரு வீட்டுச் சொற்களும் கீழே கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இறையியல் படித்தவள், ஏற்காட்டில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தியவள் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. கிறிஸ்துமஸ் காலத்தில் சேலத்திலிருந்தும் மலையிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

அரிசிப்பாளையத்திலிருந்து ஓர் அக்கா: டீச்சர், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இயேசு கடவுளா, இல்லையா? கடவுள் என்றால், அவரும் தந்தையும் ஒருவரேதானா?

இயேசு கடவுள். அவர் தந்தை அல்லர். திருச்சபை இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே சொல்கிறது, அக்கா. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்ட இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை வந்தது.

"யார்?" என்பதும் "என்ன?" என்பதும் வெவ்வேறு கேள்விகள். தந்தை யார், மகன் யார் என்று கேட்டால் இருவர்; தூய ஆவியாரையும் சேர்த்தால் மூவர். அவர்கள் என்ன என்று கேட்டால் ஒரே பதில்: கடவுள், அதுவும் ஒரே கடவுள். மூவரும் ஒரே ஆள் என்று நாங்கள் சொல்வதில்லை. மூன்று கடவுள்கள் என்றும் சொல்வதில்லை.

சூரமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்று யோவான் 10:30 தெளிவாகச் சொல்கிறதே. இருவரும் ஒரே ஆள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

தம்பி, அந்த வசனத்தைத் தமிழிலேயே மெதுவாக வாசித்துப் பாருங்கள். "ஒருவராயிருக்கிறோம்" என்று இல்லை, "ஒன்றாயிருக்கிறோம்" என்று இருக்கிறது. நம் மொழியில் ஆளைக் குறிக்க "ஒருவர்", பொருளைக் குறிக்க "ஒன்று". கிரேக்க மூலத்திலும் இதே வேறுபாடு உண்டு. "ஹெய்ஸ்" என்று எழுதியிருந்தால் ஒரே ஆள் என்று பொருள்படும். யோவான் எழுதியிருப்பது "ஹென்". அது அஃறிணை ஒருமை.

வினைச்சொல்லின் கடைசியையும் விட்டுவிடாதீர்கள். "இருக்கிறோம்" என்பது பன்மை. ஒரே ஆள் தன்னைப் பற்றிப் பேசினால் "இருக்கிறேன்" என்றுதான் சொல்வார். "ஒன்று" என்ற சொல்லில் ஒருமையும் "ஓம்" என்ற விகுதியில் இருவரும் நிற்கிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பில் இது இவ்வளவு துல்லியமாக வந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழும்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரர்: எங்கள் சபையில், இயேசுவே பிதா, இயேசுவே பரிசுத்த ஆவி, ஒருவரே மூன்று விதமாக வந்தார் என்று போதிக்கிறார்கள். அப்போஸ்தலர் 2:38-இன்படி இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். இது தவறா?

உங்கள் சபையாரின் பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். இயேசுவை முழுமையாக உயர்த்த வேண்டும் என்ற ஆசையிலிருந்து பிறந்த போதனை அது. ஆனாலும் அதை என்னால் ஏற்க முடியாது. இயேசு கைதாகுமுன் ஜெபித்த கெத்செமனே தோட்டம்தான் காரணம்.

அந்த இரவில் இயேசு முகங்குப்புற விழுந்து, "அப்பா, பிதாவே" என்று கூப்பிட்டார். "அப்பா" என்பது அரமேயச் சொல். மாற்கு அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். தமிழ்க் காதுக்கு அதற்கு விளக்கமே தேவையில்லை. "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று அவர் மன்றாடியபோது யாரிடம் பேசினார்? தனக்குத்தானே பேசிக்கொண்டார் என்றால் அந்த இரவு நமக்காகப் போட்டுக்காட்டிய ஒரு காட்சியாகிவிடும். வியர்வை இரத்தத் துளிகளைப் போல விழுந்தது என்று லூக்கா எழுதுகிறாரே, அது காட்சியாக இருக்க முடியாது. கேட்பவர் ஒருவர் இருந்தார்.

இயேசு ஞானஸ்நானம் பெற யோர்தான் நதியில் இறங்கியபோதும் இப்படித்தான். மகன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், தந்தையின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில்.

இது பழைய கேள்வி. மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவரின் பெயரால் இந்தப் போதனை அறியப்பட்டது. அவருக்குச் சற்று முன்பே வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், அப்படியானால் சிலுவையில் அறையப்பட்டவர் பிதாவா என்று கேட்டு எதிர்த்து எழுதினார். "மூன்று ஆட்கள், ஒரே பொருள்" என்ற பேச்சை இலத்தீன் மொழியில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

ஏற்காட்டிலிருந்து ஞாயிறு பள்ளி ஆசிரியை: நான் பிள்ளைகளுக்கு நம் ஏரியைக் காட்டித்தான் திரித்துவத்தை விளக்குகிறேன். ஏரியில் நீர், காலையில் மூடுபனி, சில நாள் ஆலங்கட்டி. மூன்றும் ஒரே தண்ணீர். சரிதானே, டீச்சர்?

அழகாக இருக்கிறது, ஆனால் விட்டுவிடுங்கள், அம்மா. அதே நீர் ஒரு நேரத்தில் பனி, மறுநேரத்தில் மழை. ஒரே கடவுள் மூன்று வேடம் போட்டார் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். அது மேலே சொன்ன சபெல்லியுஸின் கருத்தே. நானும் பல ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொடுத்து, பிறகு நிறுத்திவிட்டேன். யோர்தான் காட்சியைப் படமாக வரையச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது போதும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலிருந்து ஒரு அண்ணன்: ஒரே வெள்ளிக்கட்டியை உருக்கிக் கொலுசு, மெட்டி, அரைஞாண் செய்கிறோம். பொருள் ஒன்று, உருப்படி மூன்று. இப்படிச் சொல்லலாமா?

அண்ணா, தெரியாமலேயே பதினேழு நூற்றாண்டுப் பழைய வாதத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

325-ஆம் ஆண்டு, இன்றைய துருக்கியில் உள்ள நிக்கேயா நகரில் ஆயர்கள் கூடினார்கள். அலெக்சாந்திரியாவின் குருவானவர் ஆரியுஸ், மகன் எல்லாப் படைப்புகளுக்கும் மேலானவர், ஆனாலும் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்று போதித்துவந்தார். சங்கம் அதை மறுத்து, மகன் தந்தையோடு "ஹோமோஊசியோஸ்" என்று விசுவாச அறிக்கையில் எழுதியது. "ஒரே பொருளானவர்" என்று தமிழில் நாம் சொல்லும் சொல் அது.

பலருக்கு அந்தச் சொல் தொண்டையில் சிக்கியது. ஏன் தெரியுமா? உங்கள் பட்டறைதான் அவர்கள் மனத்தில் வந்தது! முதலில் ஒரு கட்டி, பிறகு அதை வெட்டிப் பங்கு போட்டால் தந்தை ஒரு துண்டு, மகன் ஒரு துண்டு. அப்படியானால் கடவுள் பங்கிடப்பட்டவர் ஆகிவிடுவார். 268-இல் அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்கள் இதே சொல்லை வேறொரு பொருளில் கண்டு ஒதுக்கியிருந்தார்கள். நிக்கேயா சங்கத்தின் முடிவைக் காக்க உயிரைக் கொடுத்து உழைத்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸே அதை மறைக்காமல் எழுதுகிறார்.

கொலுசும் மெட்டியும் தனித்தனியே எடை போடக்கூடியவை. தந்தையும் மகனும் அப்படியில்லை. தந்தையிடம் உள்ள முழுமையே மகனிடம் உள்ளது, பாதியோ மூன்றில் ஒன்றோ இல்லை. அதனால்தான் அறிக்கை உலோகத்தை விட்டு ஒளியைப் பிடித்தது: "ஒளியினின்று ஒளி." விளக்கிலிருந்து வெளிச்சம் வருவதால் விளக்குக் குறைவதில்லை. வெளிச்சம் இல்லாத விளக்கு ஒரு கணமும் எரிந்ததில்லை. இந்த உவமையும் ஓரளவுக்குத்தான். ஆனால் வெள்ளியை விட ஒளி உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஓமலூரிலிருந்து ஒரு பெண்மணி: வீட்டுக்கு வந்து ஊழியம் செய்த இருவர், யோவான் 1:1-ஐ "வார்த்தை ஒரு தேவனாக இருந்தது" என்றே மொழிபெயர்க்க வேண்டும் என்றார்கள். கிரேக்கத்தில் அந்த இடத்தில் சுட்டிடைச்சொல் (ஆங்கிலத்தின் "the" போன்றது) இல்லையாம். கொலோசெயர் 1:15-இல் அவர் "முந்தின பேறு" என்று இருப்பதால் முதலில் படைக்கப்பட்டவர் என்றும் சொன்னார்கள்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், நல்ல காரியம்.

யோவான் அங்கே "வார்த்தை" என்று சொல்வது இயேசுவை. சுட்டிடைச்சொல் இல்லை என்பது உண்மை. அது இல்லாவிட்டால் "ஒரு" போட வேண்டும் என்பது உண்மையில்லை. அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தில், தேவனால் அனுப்பப்பட்ட மனுஷன் என்று யோவான் ஸ்நானகனைச் சொல்லுமிடத்திலும் அந்த இடைச்சொல் கிடையாது. "ஒரு தேவனால் அனுப்பப்பட்ட" என்று யாரும் மொழிபெயர்ப்பதில்லை. முதல் வசனத்தில் அது ஓரிடத்தில் இருந்து மறு இடத்தில் இல்லாமல் போவதற்குக் காரணம் உண்டு. "தேவனிடத்திலிருந்தது" என்னுமிடத்தில் தந்தை என்ற ஆள் குறிக்கப்படுகிறார். "தேவனாயிருந்தது" என்னுமிடத்தில் வார்த்தையானவர் எத்தகையவர் என்பது சொல்லப்படுகிறது. இரண்டு இடத்திலும் இடைச்சொல்லைப் போட்டிருந்தால் வார்த்தையும் தந்தையும் ஒரே ஆள் என்றாகியிருக்கும். ஒரே வசனத்தில், இயேசு தந்தையோடு இருந்தவர், இயேசு தேவன் என்ற இரண்டையும் யோவான் காப்பாற்றியிருக்கிறார்.

"முந்தின பேறு" நம் ஊரில் எளிதாகப் புரிய வேண்டிய சொல். தலைமகன் என்றால் வயது மட்டுமா, வீட்டின் உரிமையும் அல்லவா? சங்கீதம் 89:27-இல் தேவன் தாவீதைத் தம் முதற்பேறானவன் ஆக்குவேன் என்கிறார். தாவீதோ ஈசாயின் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. கொலோசெயரின் அடுத்த வசனம், சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்கிறது. சகலத்தையும் உண்டாக்கியவர் அந்தச் சகலத்தில் ஒன்றாக இருக்க முடியாது.

அதே பெண்மணி: சரி, "என் பிதா என்னிலும் பெரியவர்" என்று அவரே சொன்னாரே?

சொன்னார். யோவான் 14:28. அதை மழுப்பக் கூடாது. பழைய திருச்சபைத் தந்தையர் இரண்டு விதமாக விளக்கினார்கள். மனிதராகித் தம்மைத் தாழ்த்திய நிலையில் தந்தை பெரியவர் என்றனர் சிலர். மகன் தந்தையிடமிருந்து வருபவர், தந்தை எவரிடமிருந்தும் வருபவர் அல்லர், அந்த ஊற்று என்ற முறையில் பெரியவர் என்றனர் வேறு சிலர். எனக்கு இரண்டாவது விளக்கத்தில் மனம் அதிகம் தங்குகிறது. அப்பா பிள்ளைக்குப் பெரியவர். ஆனால் அப்பாவைவிடப் பிள்ளை மனிதத்தன்மையில் ஒரு மாற்றுக் குறைந்தவன் என்று யாரும் சொல்வதில்லை.

கோரிமேட்டிலிருந்து ஓர் ஆசிரியர்: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் அரசியலுக்காக நிக்கேயாவில் இயேசுவைக் கடவுளாக்கினார் என்று படித்தேன்.

ஐயா, தேதிகளே இதற்குப் பதில் சொல்லும். 112-ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அவர்களை விசாரித்துத் தண்டித்தவர். நிக்கேயாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முந்திய சாட்சி இது. அதற்கும் முன்னே தோமா, "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று சொன்னதாக யோவான் எழுதிவிட்டார்.

கான்ஸ்டன்டைன் சங்கத்தைக் கூட்டியது உண்மை. ஆனால் பத்தே ஆண்டில், 335-இல், அத்தனாசியுஸை நாடுகடத்தியவரும் அவரே. 337-இல் மரணப் படுக்கையில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் ஆரியுஸுக்கு ஆதரவாக நின்ற ஆயர். அத்தனாசியுஸ் மொத்தம் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அரண்மனையின் தயவில் நின்ற கொள்கைக்கு இப்படி நடக்குமா?

கோட்டைப் பகுதியிலிருந்து ஓர் இஸ்லாமிய சகோதரர்: இறைவன் யாரையும் பெறவும் இல்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்பது எங்கள் நம்பிக்கை. நீங்கள் மகன் என்று சொல்வது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

மரியாதையோடு கேட்டதற்கு நன்றி, சகோதரரே. மனிதர் பிள்ளை பெறுவதைப்போல் கடவுள் பெற்றார் என்பதை நாங்களும் முழுமையாக மறுக்கிறோம். உடல், மனைவி, காலம் எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. "மகன்" என்று நாங்கள் சொல்வது, தந்தையிடமிருந்து என்றென்றும் வருபவர், தந்தைக்குள்ள அதே தன்மையுடையவர் என்பதற்காக. இந்த விளக்கத்துக்குப் பிறகும் நமக்குள் வேறுபாடு இருக்கும். அதை மூடி மறைத்து நட்புப் பாராட்ட நான் விரும்பவில்லை. கடவுள் ஒருவரே என்பதில் நீங்கள் காட்டும் உறுதி, கர்த்தர் ஒருவரே என்று சொல்லும் உபாகமம் 6:4-ஐ நான் வாசிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

சேர்வராயன் கோவில் அடிவாரக் கிராமத்திலிருந்து ஒருவர்: எங்களுக்கு அவதாரம் என்றால் எளிதாகப் புரிகிறது. இயேசுவும் அவதாரம்தானா?

தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் அந்தச் சொல்லை எடுத்தாண்டிருக்கிறார்கள். கடவுள் இறங்கி வந்தார் என்பதைச் சொல்ல அது உதவும். வேறுபாடு இரண்டு: எங்கள் நம்பிக்கையில் இது ஒரே முறை நடந்தது, எடுத்த மனிதத்தன்மையை அவர் திரும்பக் கழற்றி வைக்கவில்லை, உயிர்த்தெழுந்த பின்னும் அவர் மனிதரே.

சேலத்தையும் உள்ளடக்கிய சி.எஸ்.ஐ. கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கத்தின் வழியாக வாசித்தவர். இருவர் என்பதே இல்லாமல் போகும் அத்வைத ஐக்கியமாக அல்லாமல், இராமானுஜர் காட்டும் அன்புறவை ஒட்டி, மகனும் தந்தையும் அன்பிலும் சித்தத்திலும் ஒன்று என்று விளக்கினார். நிக்கேயாவின் சொல்லுக்கு அது போதாது என்பது என் கருத்து. ஆனாலும் அன்பை நடுவில் வைத்து "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்ற வசனத்தைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

"திரித்துவம்" என்ற சொல் பைபிளில் எங்கே இருக்கிறது? (பெயர் எழுதவில்லை)

எங்கும் இல்லை. சொல் பின்னால் வந்தது. மத்தேயு 28:19-இல் மூவரும், "நாமத்திலே" என்ற ஒருமையும் முன்பே இருந்தன.

அரிசிப்பாளையம் அக்காவே மீண்டும்: என் எட்டு வயதுப் பேத்தி, குழந்தை இயேசு பேராலயத்தில் குடிலைப் பார்த்துவிட்டு, "இயேசு பாப்பாவாகத் தூங்கும்போது உலகத்தை யார் பார்த்துக்கொண்டார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அத்தனாசியுஸ் தாம் எழுதிய ஒரு நூலில் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். வார்த்தையானவர் உடலுக்குள் இருந்தார், ஆனால் உடலுக்குள் அடைபட்டவர் அல்லர். அந்த உடலில் இருந்தபடியே அனைத்தையும் தாங்கிக்கொண்டும் இருந்தார், தந்தையோடும் இருந்தார் என்கிறார்.

பேத்தியிடம் இப்படிச் சொல்லுங்கள்: "பாப்பாவாகத் தூங்கியவரும் அவர்தான், உலகத்தைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அவருடைய அப்பாவும் கூடவே பார்த்துக்கொண்டார்." அப்படியானால் பாப்பாவுக்கு உண்மையாகவே பசித்ததா என்று அடுத்துக் கேட்பாள். பசித்தது, அழுதார், மரியாள் பால் கொடுத்தார் என்று சொல்லுங்கள். அதற்கும் மேலே ஏதாவது கேட்டால் எனக்கு எழுதி அனுப்புங்கள், அக்கா.