ஹாலோஜன் இல்லாத தீத்தடுப்பான் சேர்த்தால் பிளாஸ்டிக் உடைகிறதே, என்ன செய்யலாம்?

புரோமின், குளோரின் போன்ற ஹாலோஜன்கள் இல்லாத தீத்தடுப்பான் சேர்த்த பிளாஸ்டிக் தீச்சோதனையில் தேறிவிடுகிறது, வளைத்தால் உடைந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் கலவை தயாரிப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: புது ரசாயனம் தேடும் முன், கையில் இருக்கும் தீத்தடுப்பான் பொடியின் மேற்பரப்பைக் கவனியுங்கள்.

கேபிள் உறைகளில் அதிகம் சேர்ப்பது அலுமினியம் ஹைட்ராக்சைடு. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீராக விடும். அது சூட்டை இழுத்துக்கொள்ளும், எரியும் வாயுவையும் நீர்க்கச் செய்யும். ஆனால் புரோமின் சேர்மங்களைப் போல சுடருக்குள் புகுந்து வினையை அறுக்காது. அதனால் அளவைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்; எடையில் 60 சதவீதம்கூடப் போகும். அவ்வளவு பொடி பாலிமரோடு ஒட்டாமல் கட்டி கட்டியாக நின்றால், ஒவ்வொரு கட்டியும் விரிசல் தொடங்கும் இடம்தான். பொடியையும் பாலிமரையும் இணைக்கும் சிலிக்கான் சேர்மமான சிலேன் பூசிய பொடியை வாங்குங்கள், கூடவே அதே ஒட்டும் வேலையைச் செய்யும், மேலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிஎத்திலீனைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். பொடியின் அளவைக் குறைக்காமலே இழுவைச் சோதனையில் வித்தியாசம் தெரியும்.

பாலிப்ரொப்பிலீன் என்றால் கதையே வேறு. அதை உருக்கித் தள்ளும் இயந்திரமான எக்ஸ்ட்ரூடரின் சூட்டிலேயே அலுமினியம் ஹைட்ராக்சைடு தண்ணீரை விடத் தொடங்கிவிடும். அதன் வெளிவாயான டையிலிருந்து வரும் இழையை ஒடித்துப் பாருங்கள், உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டைகள் இருக்கும். தீக்கு வைத்திருந்த தண்ணீர் அங்கேயே போயிற்று. 300 டிகிரிக்கு மேல் சிதையும் மக்னீசியம் ஹைட்ராக்சைடுதான் அதற்குச் சரி.

அளவையே குறைக்க வேண்டுமா? அம்மோனியம் பாலிபாஸ்பேட்டோடு பென்டாஎரித்ரிட்டாலும் மெலமினும் சேர்ந்த, சூட்டில் உப்பிக் கரியடுக்கு கட்டும் முறைக்கு வாருங்கள். பாலிப்ரொப்பிலீனில் 25, 30 சதவீதமே பெரும்பாலும் போதும். ஈரம்தான் இதன் பகை. நீளச் சங்கிலி கொண்ட இரண்டாம் வகைப் பாலிபாஸ்பேட்டை, அதுவும் மேலுறை பூசியதை எடுங்கள். கண்ணாடியிழை கலந்த நைலானுக்கு அலுமினியம் டைஎத்தில்பாஸ்பினேட் என்ற பாஸ்பரஸ் சேர்மம் நன்றாக வேலை செய்கிறது.

அப்புறம், பிளாஸ்டிக் எரிவதை அளக்கும் யூஎல் 94 சோதனையில் வி-0 என்ற உயர்ந்த தரம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சுடர் 10 விநாடிக்குள் அணைந்ததா, சொட்டு விழுந்து கீழே உள்ள பஞ்சு பற்றியதா என்பதைத்தான் அது பார்க்கிறது. அதே கலவையில் செய்த துண்டுகளைச் சில நாள் வெந்நீரில் ஊறவைத்து, உலர்த்தி, மறுபடி எரித்துப் பாருங்கள். சூட்டில் உப்பிக் கரியடுக்கு கட்டும் வகைக் கலவைகள் பல அங்கேதான் தோற்கின்றன.