சதுரங்கம்: கேள்வி–பதில்

கேள்வி: ராணியையும் குதிரையையும் சீக்கிரமே எதிராளியின் ராஜா பக்கம் அனுப்புகிறேன். நாலைந்து நகர்த்தலில் தாக்குதல் வற்றிவிடுகிறது. பெரிய ஆட்டக்காரர்களோ நடுவில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது?

பதில்: ராஜாவுக்கு முன்னால் சிப்பாய்ச் சுவர் முழுசாக நிற்கும்வரை உங்கள் ராணிக்கு உள்ளே வழி கிடையாது. சுவரை இடிக்க இன்னொரு சிப்பாய்தான் வேண்டும். 1958-இல் யூகோஸ்லாவியாவின் போர்டோரோஸ் நகரில் நடந்த போட்டியில் 15 வயது அமெரிக்கர் பாபி ஃபிஷர், டென்மார்க்கின் பென்ட் லார்சனை வென்ற ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பு ஆடிய தொடக்க முறைக்கு சிசிலியன் டிராகன் என்று பெயர். வெள்ளையாக ஆடிய ஃபிஷரின் 7-வது நகர்த்தல் எஃப்3, அதாவது எஃப் வரிசைச் சிப்பாய் மூன்றாவது கட்டத்துக்கு (எழுத்து வரிசையையும் எண் அதில் உள்ள கட்டத்தையும் குறிக்கும்). பார்வைக்குச் சாதுவான அந்த ஒரு கட்டம் மூன்று வேலை செய்கிறது: இ4 சிப்பாயைத் தாங்குகிறது, கறுப்புக் குதிரை ஜி4-க்கு வந்து இ3 மந்திரியைத் தொந்தரவு செய்யாமல் தடுக்கிறது, பின்னால் ஜி4 தள்ளும்போது அதற்குத் துணை நிற்கிறது.

மூன்றாவது வேலைக்குப் பலன் 20-வது நகர்த்தலில்தான் வந்தது. 17. எச்4, 18. எச்5 என்று தள்ளி, 19-இல் ஜி6-இல் வெட்டி எச் வரிசையை யானைக்குத் திறந்தார். பிறகு ஜி4, ஜி5. எஃப்6-இல் காவல் நின்ற குதிரை எச்5-க்கு ஓடி வரிசையை அடைத்தது. 22-இல் யானையைக் கொடுத்து அந்தக் குதிரையை வெட்டினார், 23-இல் ஜி6! எஃப்7 சிப்பாயால் அதை வெட்ட முடியாது, ஏனென்றால் பி3-இல் இருக்கும் மந்திரி அந்தச் சிப்பாயை ராஜாவோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறது; அது நகர்ந்தால் ராஜாவுக்கு செக் விழும். 31 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. யானைத் தியாகத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த எஃப்3-தான் அழகு.

கேள்வி: எச்4 ஆடியதுமே எதிராளி எச்5 ஆடி அடைத்துவிட்டால்?

பதில்: டிராகனில் அது அமெரிக்க ஆட்டக்காரர் ஆண்ட்ரூ சோல்டிஸ் பெயரால் அறியப்பட்ட தற்காப்பு, நல்ல தற்காப்புதான். மந்திரியை ஜி5-இல் நிறுத்தி எஃப்6 குதிரையை நெருக்கலாம். அல்லது ஜி4 என்று மோதலாம். கறுப்பு அதை வெட்டினால் அவசரப்பட்டுத் திருப்பி வெட்ட வேண்டாம், எச்5 தள்ளுங்கள். வரிசை திறந்தால் ஒரு சிப்பாய் போனாலும் பரவாயில்லை.

கேள்வி: இதே மாதிரி தள்ளினேன், நானே தோற்றேன். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் பலகையின் நடுவில். ஓரத்தில் சிப்பாய் தள்ளும்போது எதிராளி நடுவைத் திறந்தால், உங்கள் காய்கள் இடம் மாறுவதற்குள் அடி விழும். டிராகனில் வெள்ளை 9-வது நகர்த்தலிலேயே ராணிப் பக்கம் கோட்டை கட்டினால் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி வைத்தால்) கறுப்பு உடனே டி5 ஆடும். அதைக் கடினமாக்கத்தான் ஃபிஷர் உட்படப் பலரும் முதலில் மந்திரியை சி4-இல் வைக்கிறார்கள்.

இரண்டாவது, ராஜாக்கள் இருக்கும் பக்கம். இரண்டு ராஜாவும் ஒரே பக்கம் இருந்தால் ஜி4, எச்4 உங்கள் ராஜாவின் கூரையையே பிரிக்கும்; தள்ளிய சிப்பாய் திரும்பி வராது. எதிரெதிர்ப் பக்கம் என்றால் விரல் விட்டு எண்ணுங்கள்: வரிசை திறக்க உங்களுக்கு எத்தனை நகர்த்தல், அவருக்கு எத்தனை? ஒன்று பின்தங்கியிருந்தால் முதலில் அவருடைய சிப்பாயைத் தடுத்துவிட்டுப் பிறகு தள்ளுங்கள்.