அயர்லாந்தில் தண்ணீர் மீட்டர்ச் செலவு யார் தலையில்? கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்தில் வீடுகளுக்கு வழக்கமான தண்ணீர்க் கட்டணம் இல்லாதபோது, கடைகளிடமும் தொழிற்சாலைகளிடமும் மட்டும் மீட்டர்ச் செலவை வசூலிப்பது எந்த அடிப்படையில்?

பதில்: 1997இல் வீட்டுக் கட்டணம் நீக்கப்பட்டபோது வீடுகளின் பங்கு பொதுப்பணத்தின் பொறுப்பாயிற்று. 1998இல் வகுக்கப்பட்ட தண்ணீர் விலைக் கொள்கை, வீடல்லாத பயனர்கள் தங்களுக்குரிய செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கான 2000ஆம் ஆண்டின் நீர்ச் சட்டகக் கட்டளையின் 9ஆம் பிரிவும் செலவு மீட்பை, அதாவது தண்ணீர்ச் சேவையின் செலவைப் பயனர்களிடமிருந்து திரும்பப் பெறுவதை, வலியுறுத்துகிறது. அளக்காமல் பங்கைக் கணக்கிட முடியாது என்பதால் மீட்டர் வந்தது. அளக்கப்படுவது வணிகப் பயன்பாடு என்னும்போது, அந்தக் கருவியின் செலவை வீட்டாரிடமோ பொது வரியிலோ ஏற்றுவது கொள்கையையே குலைத்துவிடும்.

கேள்வி: அந்தச் செலவை லிட்டர் விலையில் சேர்ப்பதா, தனியாகக் கேட்பதா?

பதில்: விவாதத்தின் மையமே இதுதான். மீட்டரைப் பொருத்துவது, அளவெடுப்பது, பில் அனுப்புவது, ஆயுள் முடிந்ததும் மாற்றுவது ஆகிய எதுவும் ஓடும் தண்ணீரின் அளவைப் பொறுத்துக் கூடிக் குறைவதில்லை. எனவே லிட்டர் விலையில் சேர்த்தால், அதிகம் பயன்படுத்தும் பால் ஆலை, எதிர்வீட்டுத் தையல் கடையின் மீட்டருக்கும் சேர்த்துப் பணம் கட்டியதாகிவிடும். மீட்டரின் ஆயுட்காலம் முழுவதும் பரப்பி, ஆண்டு நிலைக் கட்டணமாக வாங்குவதே முறை. ஆனால் ஒரே ஒரு கைகழுவும் தொட்டி உள்ள கடையில் தண்ணீரைவிட மீட்டருக்கே கூடுதலாகச் செலவாகலாம். அத்தகைய இடங்களுக்கு மீட்டரே வேண்டாம், மிதமான ஒரே கட்டணம் போதும் என்பது என் கருத்து. (கொள்கை வகுப்போருக்கு விதிவிலக்குகள் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

கேள்வி: ஊருக்கு ஊர் கட்டணம் வேறுபட்டது ஏன்?

பதில்: 2014 வரை உள்ளாட்சி மன்றங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கட்டணம் வகுத்தன. அவ்வாண்டு பொறுப்பு நாடு முழுவதற்குமான தண்ணீர் நிறுவனமான ஐரிஷ் வாட்டருக்கு மாறிய பிறகும் பழைய விகிதங்களே நீடித்தன. 2021 அக்டோபர் 1 முதல்தான், ஆண்டுப் பயன்பாட்டை வைத்து நான்கு பிரிவுகளாக நாடு முழுதும் ஒரே கட்டண அமைப்பு வந்தது.

கேள்வி: பண்ணைக்கும் வீட்டுக்கும் ஒரே இணைப்பு இருந்தால்?

பதில்: அது கலப்பு இணைப்பு, வீட்டுக்குரிய அளவு கழிக்கப்பட்டு, மீதிக்குத்தான் கட்டணம்.

கேள்வி: பில் திடீரென உயர்ந்துள்ளது, மீட்டர் பழுதா?

பதில்: எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். எண் அப்போதும் நகர்ந்தால் கசிவு மீட்டரைத் தாண்டி உங்கள் இடத்துக்குள் வரும் குழாயில் இருக்கிறது. அதை அடைப்பது பெரும்பாலும் இணைப்பு வைத்திருப்பவரின் பொறுப்பே.