கடலூரில் வாடகை வீட்டு அறையில் குரல் பதிவு செய்கிறேன், எதிரொலி வருகிறது. முட்டை அட்டை ஒட்டினால் போதுமா? செலவு குறைந்த வழி உண்டா?

முட்டை அட்டை வேண்டாம். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அது மெல்லிய காகிதக் கூழ். ஒலி உள்ளே நுழைந்து அடங்குவதற்கு அதில் கனமே கிடையாது. கீச்சென்ற ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், குரலின் அடிப்பகுதி சுவரில் பட்டு அப்படியே திரும்பி வரும். தீப்பிடித்தால் மளமளவென்று பரவும். ஆன்லைனில் விற்கிற ஒரு இஞ்ச் ஃபோமும் பெரிய மாற்றம் தராது. மேல் ஒலியை மட்டும் உறிஞ்சிவிடுவதால் டப்பாவுக்குள் பேசுவது போலக் கேட்கும்.

நான் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு ஒலிக்கதைகள் வாசிக்கிறேன். பத்துக்குப் பத்து அறை, கான்கிரீட் தளம், வழவழ டைல்ஸ், ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்லும் வீட்டுக்காரர். உங்களுக்கும் இதே நிலைமைதான் என்று வைத்துக்கொள்கிறேன். புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு 80,000 ரூபாய் ஆகும் என்றார். அவர் ஒட்டித் தருவதாகச் சொன்னதும் அதே ஒரு இஞ்ச் ஃபோம்தான்! அனுப்பிவிட்டேன்.

பரணில் பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தைகள் கிடந்தன. திருப்பாதிரிப்புலியூரில் மெத்தை தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோய், பஞ்சைப் பிரித்து அடித்து, ஆறடி உயரம், மூன்றடி அகலம், நாலு இஞ்ச் கனத்தில் தைக்கச் சொன்னேன். பஞ்சு கீழே இறங்காமல் இருக்க நெருக்கமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "ரெக்சின் போட்டா அழுக்கு ஆவாதும்மா" என்றார். "இல்லீங்கய்யா, காத்து உள்ள போகணும்" என்றேன். காடாத் துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, "இதுல போவுது" என்று அதையே போட்டுத் தைத்தார். நீங்களும் அப்படியே ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வருகிற துணிதான் ஒலியையும் உள்ளே விடும்.

தச்சர் ரீப்பர் கட்டையில் தானாக நிற்கும் சட்டங்கள் அடித்துக் கொடுத்தார், ஆணிப் பிரச்சினை தீர்ந்தது. மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் நாலைந்து இஞ்ச் தள்ளி நிறுத்துங்கள். 100 ஹெர்ட்ஸ் போன்ற கீழ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அவ்வளவு நீள அலைக்குச் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவது மிகக் குறைவு, அங்கே பஞ்சுக்கு வேலையில்லை. தள்ளி வைத்தால் அதே மெத்தை இன்னும் கீழ் ஒலி வரை பிடிக்கும்.

முதல் மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால். பலர் மைக்குக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். கார்டியாய்டு மைக் முன்னால் இருப்பதைத்தான் அதிகம் வாங்கும், அதன் முன்னால் இருப்பது நீங்களும் உங்கள் பின்சுவரும். அப்புறம் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று, கீழே தடித்த ஜமக்காளம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் போதும். தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும், எதிரொலி அநேகமாக அப்படியே இருக்கும்.

ஒலிப் பொறியாளர்கள் சண்டைக்கு வரவேண்டாம். நான் சொல்வது குரல் பதிவுக்கு மட்டும். பதிவான ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸிங் அறை என்றால் மூலைகளில் தடிமனான ராக்வுல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு, வேண்டும், மறுக்கவில்லை. ராக்வுல் தீப்பிடிக்காது, இலவம்பஞ்சு பிடிக்கும்; அதனால் அந்த அறையில் விளக்கு, ஊதுவத்தி கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் நம்மூர் ஈரத்துக்குப் பஞ்சு வாடை அடிக்கும், வெயில் கண்ட அன்று மொட்டை மாடியில் போட்டு எடுங்கள்.

இதெல்லாம் அறைக்குள் உள்ள எதிரொலிக்குத்தான். தெருச் சத்தத்தை மெத்தை தடுக்காது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆடி மாதத்தில் எங்கள் தெருவில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் "சாமி காரியம்மா" என்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அறை தயாரானதும் சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். வளைகாப்பு வீடியோவுக்கு, கடை திறப்பு விளம்பரத்துக்கு, "சும்மா பேசுறதுதானே, ஒரு அஞ்சு நிமிஷம்" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய, தொண்டை காயக் காய வாசிக்க வேண்டும். போட்டோ எடுப்பவருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்கிறார்கள், குரலுக்கு மட்டும் ஒரு ரூபாய் கொடுக்க மனசு வருவதில்லை. நான் இப்போது காசு கைக்கு வராமல் மைக்கை ஆன் செய்வதில்லை.