பீர் நொதிக்கும்போது சூடு ஏன் இவ்வளவு முக்கியம்?

நொதித்தல் என்பது, மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுவது. பீரில் ஏல், லாகர் என்று இரண்டு பெரிய வகைகள். ஏல் ஈஸ்டுக்குப் பொதுவாக 18–22 டிகிரி செல்சியஸ் ஏற்றது. லாகர் ஈஸ்டுக்கு 8–13.

சூடு கூடினால் ஈஸ்ட் அவசரப்படும். வாழைப்பழ வாசனை எழும், தொண்டையைக் காந்தும் வேறு ஆல்கஹால்களும் சேரும். குளிர் மிஞ்சினால் தூங்கிவிடும். நம் பாலக்காட்டில் ராத்திரி கரைத்த ஆப்பமாவு விடிவதற்குள் பொங்கிச் சட்டி ஓரமாக வழிந்திருக்கும். மூணாறு குளிரில் அதே மாவு காலையிலும் அசையாமல் கிடக்கும். அப்படித்தான் இதுவும். முதல் 2, 3 நாள்தான் பெரும்பாலும் ருசியைத் தீர்மானிக்கும், அப்போது கண்ணை எடுக்கக் கூடாது. (கேரளத்தில் உரிமமில்லாமல் தயாரிப்பது குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அறை 20 டிகிரியில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்புவதால் பாத்திரத்துக்குள் சில டிகிரி கூடவே இருக்கும்.